லைசென்ஸ் வந்தாச்சு, அப்புறம்?

பொழுதுபோக்குக்காக விமானம் ஓட்டக் கற்றவர்கள் பலர் லைசென்ஸ் கைக்கு வந்த சில மாதங்களிலேயே தரையோடு தங்கிவிடுகிறார்கள். தொடர்ந்து பறப்பவர்களோ, அடுத்து எங்கே, எதற்காக என்பதை முடிவு செய்துகொண்டவர்கள்.

ஒசூரிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்களுக்குக் கர்நாடகம் தொடங்கும் இடம் அத்திபெலே. தேசிய நெடுஞ்சாலை 44-ல் லாரிகளும் கம்பெனி பஸ்களும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு விரையும் பைக்குகளும் இடித்துக்கொண்டு நகரும் இந்த எல்லை ஊரில், வானத்தை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆனால் பறக்கும் ஆசை பிடித்தவருக்கு இது மோசமான முகவரி அல்ல. தெற்கே ஒசூரைத் தாண்டினால் பெலகொண்டபள்ளியில் சுமார் 7,000 அடி ஓடுபாதையுடன் ஒரு தனியார் விமானத்தளம். இத்தாலிய வடிவமைப்பான பார்ட்டெனாவியா பி-68 என்ற இரட்டை எஞ்சின் விமானம் 1990களில் தயாரானது இங்கேதான். வடக்கே, பெங்களூரின் மறுகோடியில் ஜக்கூர். 1940களின் இறுதியிலிருந்து அங்கே அரசு விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஒசூருக்கு ஒரு சர்வதேச விமான நிலையம் வரும் என்று தமிழக அரசு 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்ததிலிருந்து, இந்த வட்டாரத்தில் ஆகாயம் பற்றிய பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது.

பேச்சு சுலபம். சொந்தக் காசில் விமானம் ஓட்டக் கற்பது அப்படி அல்ல. இந்தியாவில் தனியார் விமானி லைசென்ஸ், அதாவது பி.பி.எல்., பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வுகள், ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம், குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். இவை எல்லாம் முடிந்தால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) லைசென்ஸை வழங்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்க முடியாது. கூலிக்கு விமானம் ஓட்ட வேறு லைசென்ஸ் வேண்டும். இது முழுக்க முழுக்க ஆசைக்காக வாங்கும் லைசென்ஸ்.

அந்த ஆசைக்கு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். பயிற்சிக் காலத்தில் மாணவருக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு இலக்கு இருக்கிறது. முதல் தனிப் பறத்தல், முதல் நெடும்பயணம், அடுத்த தேர்வு. பக்கத்து இருக்கையில் திட்டுவதற்கும் தட்டிக்கொடுப்பதற்கும் பயிற்றுநர் இருக்கிறார். லைசென்ஸ் வந்த மறுநாள் இவை எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்துவிடுகின்றன. வீட்டாரை ஒரு சுற்று அழைத்துப் போய்க் காட்டுகிறார். நண்பர்களை அழைத்துப் போகிறார். வானத்தில் ஒரே வட்டத்தை ஏழாவது முறை அடிக்கும்போது, எதற்காக இது என்ற கேள்வி எழுகிறது. பதில் இல்லாதவர் எட்டாவது வட்டத்துக்கு வருவதில்லை.

காசும் காகிதமும்

அத்திபெலேயில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கையில் புது லைசென்ஸ் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஜக்கூர் போக நகரத்தைக் குறுக்கே கடந்து 40 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். காலை 5 மணிக்குக் கிளம்பவில்லை என்றால், போகும் நேரமும் திரும்பும் நேரமும் பறக்கும் நேரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும். பெலகொண்டபள்ளி அருகில்தான் இருக்கிறது. ஆனால் தனியார் தளம் என்பதால், நினைத்தபோது போய் இறங்க அது பஸ் நிலையம் அல்ல.

அடுத்தது பணம். சிறிய பயிற்சி விமானத்தின் வாடகை மணிக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மாதம் ஒரே ஒரு மணி நேரம் பறந்தாலும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. குழந்தையின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் இருக்கும் குடும்பத்தில் இந்தச் செலவுக்கு நியாயம் சொல்வது எளிதல்ல. இந்த விமானங்கள் பெரும்பாலும் குடிக்கும் ஏவ்கேஸ் என்ற பிரத்தியேகப் பெட்ரோலை இந்தியா வெகுகாலம் இறக்குமதிதான் செய்துவந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 2022 செப்டம்பரில்தான்.

மூன்றாவது காகிதம். காரை எடுத்துக்கொண்டு மைசூருக்குப் போவதுபோல விமானத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. பயணத் திட்டம் தாக்கல் செய்ய வேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி எண் பெற வேண்டும். இறங்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெங்களூரில் தேவனஹள்ளி விமான நிலையம், எலகங்கா விமானப்படைத் தளம், எச்.ஏ.எல். என்று ஒவ்வொருவருக்கும் வானத்தில் ஒரு பங்கு இருக்கிறது. சின்ன விமானம் மிச்சமிருக்கும் இடத்தில்தான் பறக்க வேண்டும்.

இந்த மூன்றையும் பற்றி விமானிகள் தாராளமாகப் பேசுவார்கள். நான்காவதைப் பேசமாட்டார்கள். அது பயம். இரண்டு மாதம் இடைவெளி விட்டவருக்கு, தரையிறங்கும்போது கை முன்போல் இல்லை என்பது முதலில் தெரியவருவது அவருக்குத்தான். அதை ஒப்புக்கொள்ளக் கூச்சம். அடுத்த ஞாயிறு வேறு வேலை வந்துவிடுகிறது. அதற்கடுத்த ஞாயிறு மழை. ஆறு மாதம் கழித்து, லைசென்ஸ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, விமானி இல்லை.

கை மறக்கும் வித்தை

போனால் போகட்டும், ஒரு பொழுதுபோக்குதானே என்று விட்டுவிடலாம். முழுதாக விட்டுவிட்டால் சிக்கல் இல்லை. ஆபத்து பாதி விட்டவருக்குத்தான். வருடத்துக்கு இரண்டு முறை, அதுவும் விருந்தாளிகள் வரும்போது மட்டும் விமானத்தை எடுப்பவர், தன் திறமை பயிற்சி முடித்த நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். சைக்கிள் ஓட்டுவது மறக்காது. பக்கக் காற்றில் விமானத்தை நேராக இறக்குவது மறக்கும்.

பெங்களூர் வட்டாரத்துக்கே உரிய ஒரு உதாரணம்: இந்தப் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மாதப் பிற்பகலில் வெயில் 35 டிகிரியைத் தொட்டால் காற்று லேசாகி, விமானம் 6,000 அடி உயர மலை மீது இருப்பதுபோல நடந்துகொள்ளும். எஞ்சினின் சக்தி குறையும். இறக்கைகளின் தூக்கும் விசையும் குறையும். மேலெழும்ப அதிக ஓடுபாதை வேண்டும். மேலெழும்பிய பிறகும் ஏற்றம் மந்தமாக இருக்கும். ஜனவரிக் காலையில் இரண்டு பேரோடு சுலபமாக ஏறிய அதே விமானம், ஏப்ரல் பிற்பகலில் நான்கு பேரோடு திணறும். இந்தக் கணக்கைப் பயிற்சியில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். வழக்கம் விட்டுப்போனவர் அதைப் போட மறப்பதுதான் அபாயம்.

அதனால்தான் அமெரிக்காவில், கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது மேலெழும்பி இறங்காத விமானி வேறு ஆட்களை ஏற்றிச் செல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநருடன் உட்கார்ந்து திறமையைச் சரிபார்க்கவும் வேண்டும். விதி கேட்பது குறைந்தபட்சம்தான். மீதி விமானியின் பொறுப்பு.

அந்த மீதி எவ்வளவு பெரியது என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி, மறைந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன். ஜான் கென்னடி ஜூனியர் லைசென்ஸ் பெற்றது 1998 ஏப்ரலில். 1999 ஜூலை 16 இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூஜெர்ஸியிலிருந்து கடல் மீது பறந்தார். மங்கலான இரவு. அடிவானம் தெரியவில்லை. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதியை அவர் இன்னும் பெற்றிருக்கவில்லை. விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். திசையுணர்வு தடுமாறி அவர் கட்டுப்பாட்டை இழந்தார் என்றது விசாரணை அறிக்கை. வெளியே பார்க்க எதுவும் இல்லாதபோது உள்காது பொய் சொல்லும். விமானம் சாய்ந்திருக்கும்போதே நேராகப் போவதாகத் தோன்றும். லைசென்ஸ் என்பது படிக்கத் தெரியும் என்பதற்கான சான்று. எல்லாப் பாடமும் படித்தாகிவிட்டது என்பதற்கு அல்ல.

78 வயதில் கராச்சி–பம்பாய்

தொடர்ந்து பறந்தவர்கள் என்ன செய்தார்கள்? இந்தியாவில் முதல் லைசென்ஸிலிருந்தே தொடங்கலாம். 1929 பிப்ரவரி 10 அன்று வழங்கப்பட்ட அந்த லைசென்ஸின் எண் 1. பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. வசதியான வீட்டு இளைஞரின் விளையாட்டாக அது முடிந்திருக்கலாம். அடுத்த ஆண்டே அவர் ஒரு போட்டியில் இறங்கினார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். டாட்டா கராச்சியிலிருந்து கிளம்ப, ஆஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயதுப் பையன் எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். எகிப்தின் அபூகீரில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். டாட்டா தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி முதலில் போய்ச் சேர்ந்து பரிசை வென்றார். பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானதும் அதே ஆஸ்பிதான்.

தோற்ற டாட்டா வேறு காரணத்தைத் தேடிக்கொண்டார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைச் சுமந்து ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவருடைய சகா நெவில் வின்சென்ட். ஏர் இந்தியாவின் பிறப்பு அது. 1962-ல், 58 வயதில், அதே கராச்சி–பம்பாய்ப் பயணத்தை டாட்டா மீண்டும் செய்தார். 1982-ல், 78 வயதில், இன்னொரு முறை. மூன்றாவது முறை அவர் சொன்ன காரணம், நாட்டின் இளைஞர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கையும் உற்சாகமும் ஊட்டுவது. ஒவ்வொரு தடவையும் பயணம் அதேதான், காரணம் புதிது.

ஜக்கூரிலேயே நமக்கு நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் பயிற்சி முடித்த உஷா சுந்தரம், அங்கு பயின்று தேறிய முதல் பெண். கணவர் கேப்டன் வி. சுந்தரம் பேர்பெற்ற விமானி. 1951-ல் சென்னை அரசு டி ஹாவிலண்ட் டவ் விமானம் ஒன்றை வாங்கியபோது, தம்பதி லண்டனிலிருந்து பம்பாய்க்கு அதை 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது ஒரு சாதனை. ‘ப்ளூ கிராஸ்’ என்றால் இன்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும். அந்த விலங்கு நல அமைப்பை 1959-ல் தொடங்கியவர்களும் இவர்கள்தான். வேலை தேடி வந்தால் அதைச் செய்யும் நிலையில் கையை வைத்திருந்தார்கள். வானத்தில் செய்ய வேண்டியது குறைந்தபோது தரையில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 1988-ல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மைக்ரோலைட் என்ற தும்பி போன்ற குட்டி விமானத்தில் தனியாக வந்தார். 2005 நவம்பரில், 67 வயதில், வெப்பக் காற்று பலூனில் 21,000 மீட்டருக்கு மேல் ஏறி உலக சாதனை படைத்தார். அதற்கு அவரிடம் பணம் இருந்தது என்பார்கள். சரி, சம்பளக்காரர் ஒருவரின் கதை: லண்டனில் வசிக்கும் கேரளத்துப் பொறியாளர் ஒருவர் 2018-ல் லைசென்ஸ் பெற்றார். வாடகைக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் இரண்டு இருக்கை விமானம். வீட்டில் நான்கு பேர். கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, பாகங்களை வரவழைத்து நான்கு இருக்கை விமானம் ஒன்றைத் தானே கட்டினார். 2022-ல் குடும்பத்தோடு அதில் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றியபோது பத்திரிகைகள் கொண்டாடின. வாடகை விமானம் போதவில்லை என்ற எரிச்சலையே அவர் இலக்காக மாற்றிக்கொண்டார்.

ஒரு விமானம், ஒரு வேலை

எல்லோரும் சாதனை படைக்க வேண்டியதில்லை. அத்திபெலே நண்பரின் நிலையில் இருப்பவருக்கு அதைவிடச் சின்ன ஏற்பாடு போதும்.

முதலாவது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வேலையோடு மேலே போவது. இன்று முழுக்க உயரத்தில் 100 அடிகூடக் கூடாமல் குறையாமல் பறப்பது. அடுத்த முறை எஞ்சினை அடக்கிவைத்து, குறித்த இடத்தில் இறங்கிக் காட்டுவது. அதற்கடுத்து பயிற்றுநரை ஏற்றிக்கொண்டு பக்கக் காற்றில் பத்து இறக்கம். ஒரு மணி நேரத்துக்குப் பத்தாயிரம் கொடுப்பவருக்கு அந்த மணி நேரத்தில் என்ன கற்றோம் என்று சொல்ல ஒரு வரி இருந்தால், கொடுத்த பணம் உறுத்தாது. வீட்டில் சொல்லவும் ஒரு பதில் இருக்கும்.

இரண்டாவது, போக ஒரு ஊர். ஜக்கூரிலிருந்து மைசூர் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். சேலம் சுமார் 150. செஸ்னா போன்ற விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அனுமதிகள், வானிலை, எரிபொருள் கணக்கு, மாற்று விமான நிலையம் என்று இரண்டு மாதத்துக்கு ஒரு பயணத்தைத் திட்டமிடும் விமானி, பறக்காத நாட்களிலும் விமானியாகவே இருக்கிறார். அமெரிக்காவில் சிறு விமானக்காரர்கள் பக்கத்து ஊர் விமானத்தளத்துக்குப் பறந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டைவிடப் பெட்ரோல் செலவு பல மடங்கு. மனதுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, காலண்டர். பெங்களூர் வானம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஒத்துழைப்பதில்லை. டிசம்பர், ஜனவரி காலைகளில் மூடுபனி. கோடையில் பகல் ஏறஏற வெப்பக் காற்றின் குலுக்கல். தென்மேற்குப் பருவத்தில் பலத்த காற்றும் தாழ்ந்த மேகமும். இதைத் தெரிந்துகொண்டு, நல்ல மாதங்களில் காலை நேரத்தைப் பிடித்துவைப்பவர் ஏமாறுவது குறைவு. மேகம் கூடிய மாதங்களில் வீட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்து, ரேடியோ உரையாடலையும் அவசரகால நடைமுறைகளையும் ஒத்திகை பார்க்கலாம். கைப்பழக்கத்தை அது தராது. தலைப்பழக்கத்தைக் காப்பாற்றும்.

நான்காவது, துணை. இரண்டு விமானிகள் சேர்ந்து போனால், போகும்போது ஒருவர், திரும்பும்போது ஒருவர் ஓட்டலாம். செலவு பாதி. ஓட்டாதவர் வெறும் பயணி அல்ல. தப்பைப் பார்க்கும் இரண்டாவது ஜோடிக் கண். ஞாயிறு காலை 5 மணிக்குப் படுக்கையிலிருந்து எழுப்புவதும் அவர்தான்.

ஐந்தாவது, யாருக்காவது காட்டுவது. அமெரிக்காவின் சோதனை விமானச் சங்கம் 1992-ல் ‘இளம் கழுகுகள்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. 8 முதல் 17 வயது வரையுள்ள குழந்தைகளைத் தனியார் விமானிகள் தம் செலவில் ஒரு சுற்று அழைத்துப் போவார்கள். இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பறந்திருக்கிறார்கள். வட்டமடிப்பது அலுத்துப்போன விமானிக்கு, முதன்முதலாக மேலேறும் ஒரு குழந்தையின் முகம் அதே வட்டத்தைப் புதிதாக்கிவிடும். பள்ளிக்குப் போய் விமானம் எப்படிப் பறக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பெட்ரோல்கூட வேண்டாம்.

இவை எதுவும் ஒட்டவில்லை என்றால் வேறு இறக்கையைத் தேடலாம். புனேயின் ஹடப்சரில் எஞ்சின் இல்லாத கிளைடர் மையம் இருக்கிறது. ஏலகிரி மலையில் பாராகிளைடிங் விழா நடந்திருக்கிறது. காற்றைப் படிக்கும் கலையைக் கிளைடர்போலக் கற்றுத்தரும் ஆசிரியர் இல்லை.

ஏற்கெனவே இடைவெளி விழுந்துவிட்டதா? அதற்கும் வழி உண்டு. மருத்துவச் சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது, டி.ஜி.சி.ஏ. விதிப்படி மீண்டும் பறக்க என்னென்ன வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் கேட்பது, பிறகு மாணவராகப் பயிற்றுநர் பக்கத்தில் உட்காருவது. இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய பழக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பது தெரிந்துவிடும். கூச்சப்பட ஒன்றுமில்லை. பயணிகள் விமானங்களை ஓட்டும் கேப்டன்களே குறித்த இடைவெளியில் சிமுலேட்டரில் உட்கார்ந்து தேர்வு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நேரமும் பணமும் மனமும் கூடிவரவில்லை என்றால் நிறுத்திவிடுவதும் கௌரவமான முடிவுதான். ஆனால் அதை ஒரு முடிவாக எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டேன் என்று சொல்பவரால் யாருக்கும் ஆபத்தில்லை. நிறுத்தவும் இல்லை, பறக்கவும் இல்லை என்ற நிலையில், அமெரிக்காவிலிருந்து வந்த மச்சானை அடுத்த மாதம் மேலே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுப்பவர்தான் யோசிக்க வேண்டும். மச்சானுக்கு முன்னால், ஒரு பயிற்றுநரை அழைத்துப் போகட்டும்.